மழைக்கு மட்டும்

மாநகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவில் அவளை எல்லோரும் வடிகால் மேடம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் வடிகால் மேடம். அவளுக்கும் அது தெரியும். அதே மாடியில் குப்பை சார், கொசு சார், தெருவிளக்கு அம்மா எல்லோரும் இருந்ததால், தனியாக வருத்தப்பட அதில் ஒன்றும் இல்லை.

அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஒரு நாள் காலை, கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில், வாடிக்கையாளர்களை உட்காரவைத்து எதிர்ச்சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தான். பக்கத்துக் கடைக்காரர் வழக்கம்போல எட்டிப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். அவன் கண் திறந்தபடி எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதில் ஒன்றும் வராததை அவர் கவனிக்கவே சற்று நேரம் ஆயிற்றாம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே, நெஞ்சு என்னவோ பிடித்தமாதிரி இருக்கிறது என்றான். "டாக்டர பாத்துட்டு அப்படியே கடைக்குப் போங்களேன்" என்றாள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். ஒழுகும் குழாய், கிழிந்த கொசுவலை, உறவுக்காரர் வீட்டு விசேஷம், எல்லாவற்றுக்கும் அவனிடம் இருந்தது அந்த ஒரே பதில்தான். சொந்தத்தில் சின்னப் பிள்ளைகள் அவனுக்கு "அப்புறம் மாமா" என்றே பெயர் வைத்திருந்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். கோபப்படுவதைக்கூட அப்புறம் என்று தள்ளிப்போடுகிற மனிதன். அதனாலேயே எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

சாவு வீட்டில் அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னாள். குடிதண்ணீர் வந்ததா என்று பார்த்தாள். வாசலில் சிந்திய தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, செருப்புகளை நகர்த்திவைத்தாள். "கல்லு மாதிரி நிக்கறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றியது. பல் பிடுங்கும் முன் போடுகிற மரப்பு ஊசி, கன்னத்தோடு நிற்காமல் உடம்பு முழுக்க இறங்கிவிட்டது போல இருந்தது. தொட்டால் தெரிகிறது. வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமியார் அவர்களோடுதான் இருந்தார். அவர் வாய்விட்டு அழுதார். அழுது முடித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு மறுபடி அழுதார். மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். காரியங்கள் முடிந்து திரும்பிப் போனவள் சாயங்காலம் ஆனால் போன் செய்வாள். "சாப்பிட்டியாம்மா?" என்பாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அழுதியாம்மா?" என்பாள். "இன்னும் இல்லடி" என்று இவள் பதில் சொல்வாள், வரவேண்டிய பார்சல் இன்னும் வரவில்லை என்கிற மாதிரி.

லீவு முடிந்து அவள் அலுவலகம் திரும்பிய அன்றே தலைமைப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். ஓய்வு பெற அதிக காலம் இல்லாதவர். எதையும் பாதி வேடிக்கையாகப் பேசுகிறவர். அன்றைக்கு வேடிக்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், மேசைமேல் இருந்த பேனாக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மாசுக் கட்டுப்பாட்டுத் துறை புது விதி போட்டிருந்தது. மழைநீர்க் குழாயில் மழைநீர் மட்டுமே போகவேண்டும். நகரத்தின் ஒவ்வொரு வடிகாலும் எங்கே தொடங்குகிறது, ஆற்றில் எங்கே போய் விழுகிறது என்று காட்டவேண்டும். விழுகிற தண்ணீரைச் சோதித்து, அதில் மழை அல்லாதது என்ன கலக்கிறது என்று கண்டுபிடித்து அடைக்கவேண்டும். கெடுவுக்குள் செய்யாவிட்டால் நகரத்தில் ஒரு புதுக் கட்டடத்துக்கும் அனுமதி கிடையாது.

"நம்ம கிட்ட இருக்கறது நீங்க, ரெண்டு ஜூனியர், தள்ளினா ஓடற ஜீப் ஒண்ணு" என்றார் தலைமைப் பொறியாளர். "இத வெச்சு முடிக்கறதுக்குள்ள என் பேரன் ரிட்டயர் ஆயிடுவான். வெளிய ஆள் எடுத்துத்தான் ஆகணும். கன்சல்டன்ட். விளம்பரம் கொடுத்து, கூப்பிட்டுப் பேசி, ஆளப் புடிச்சு, வேலைய வாங்கணும். நீங்கதான் பாக்கணும். ஆனா இப்போ உங்களால..."

"முடியும் சார்."

"இல்ல, கஷ்டமா இருந்தா வேற யாரையாவது..."

"வேற யாரு சார் இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

விளம்பரம் போயிற்று. வந்தவற்றில் தேறியவை மூன்று நிறுவனங்கள். ஒரே நாளில் மூன்றையும் கூப்பிட்டார்கள். தேர்வுக் குழுவில் தலைமைப் பொறியாளர், கணக்கு அதிகாரி, சட்டப் பிரிவிலிருந்து ஒருவர், பிறகு இவள். குளிர்சாதனம் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற கூட்ட அறையில் கணக்கு அதிகாரி சால்வையோடும், சட்டக்காரர் விசிறியோடும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் நிறுவனம் ஒரு படம் போட்டுக் காட்டியது. நீல நிறத்தில் ஆறு, கரையில் புல்வெளி, பெஞ்சில் ஒரு குடும்பம், தண்ணீரில் இரண்டு அன்னப் பறவைகள். பின்னணியில் புல்லாங்குழல். படம் முடிந்ததும் தலைமைப் பொறியாளர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார்.

இரண்டாவது நிறுவனம் ஆட்களைக் காட்டியது. திரையில் வரிசையாகப் புகைப்படங்கள். ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் ரயில் பெட்டி மாதிரி பட்டங்கள். இவள் கையை உயர்த்தினாள்.

"இதுல யாரெல்லாம் இங்க வந்து வேலை செய்வாங்க?"

"மொத்த டீமும் உங்களுக்குத்தான் மேடம்" என்றார் படங்களைக் காட்டிக்கொண்டிருந்த கோட்டுக்காரர்.

"அது சரி. தெருவுல இறங்கி வடிகால் மூடியத் தொறக்கப்போறது இதுல யாரு?"

கோட்டுப் போட்டவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். திரையில் இருந்தவர்களும் அவரைப் பார்த்தார்கள். "அதுக்கு... லோக்கலா ஆள் எடுத்துக்குவோம்" என்றார்.

முன்பெல்லாம் இப்படி ஒரு கேள்வியை அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டு விட்டுவிடுவாள். பெரிய இடத்து ஆட்கள், எதற்கு வம்பு என்று. இப்போது கேட்டபிறகு அறையில் விழுந்த சங்கடம் அவளைத் தொடவே இல்லை. துக்கம் மேடத்துக்குத் தைரியத்தைக் கொடுத்துவிட்டது என்று கணக்கு அதிகாரி பின்னால் சொன்னார். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. இடுக்கியால் பிடிப்பவனுக்குச் சுடாது.

மூன்றாவதாக வந்தவள் ஒரு பெண். இவள் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். வாசலிலேயே அதைக் கழற்றிவைக்கப் பார்த்தாள், அது வரவில்லை. "மன்னிச்சுக்கோங்க, கால் வீங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு அப்படியே உள்ளே வந்தாள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூட்ஸ் மேடம். அவளுடைய கணினி திறக்க மறுத்ததால் வெள்ளைப் பலகையில் படம் போட்டுப் பேசினாள்.

"உங்க வரைபடத்த நான் நம்பல. தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து சும்மா மூணு மூடியத் தேடிப் பாத்தேன். ஒண்ணு இருந்துச்சு. ஒண்ணு மேல வீடு கட்டியிருக்காங்க. இன்னொண்ணு உங்க படத்துல மட்டும்தான் இருக்கு."

தலைமைப் பொறியாளர் முகம் சுருங்கியது. பூட்ஸ் மேடம் அதைக் கவனித்தும் நிறுத்தவில்லை.

"முதல் வருஷம் உங்களுக்குக் காட்ட அழகா ஒண்ணும் இருக்காது. நடப்போம், மூடியத் தொறப்போம், மோந்து பாப்போம். மழையே இல்லாத நாள்ல மழைக் குழாய்ல தண்ணி ஓடுச்சுன்னா, அது மழை இல்ல. அப்புறம் அது எங்கிருந்து வருதுன்னு பின்னாடியே போகணும். குறுக்கு வழி கிடையாது."

"யார் வருவாங்க?" என்றாள் இவள்.

"நான் வருவேன். எங்கூட ஆறு பேர். இங்கயே வீடு எடுத்துத் தங்கிடுவோம்."

மூன்று நிறுவனத்தாரும் போனபின் குழுவில் இருந்த நால்வரும் தேநீரைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். "அந்த அன்னப் பறவை நல்லா இருந்துச்சே மேடம்" என்றார் தலைமைப் பொறியாளர், மனசில்லாமல்.

"நம்ம ஆத்துல அன்னம் இல்ல சார். வந்தாலும் செத்துடும்."

அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. முதலில் சிரித்தது கணக்கு அதிகாரி. பிறகு சட்டக்காரர். கடைசியில் தலைமைப் பொறியாளரும் சிரித்துவிட்டு, "சரி, மூக்க வெச்சு வேலை செய்யறவங்களயே எடுப்போம்" என்றார். வாய்ப்புப் போன இரண்டு நிறுவனங்களும் மேலிடத்துக்கு ஒரு சுற்று போய்ப் பார்த்தன. இவள் போட்ட மதிப்பெண்ணை அசைக்க முடியவில்லை.

வேலை தொடங்கியது. பூட்ஸ் மேடம் சொன்னபடியே அழகாக ஒன்றும் இல்லை. காலையில் ஆற்றங்கரையில் ஒரு குழாய் வாயில் தொடங்குவார்கள். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து, அடுத்த மூடி, அதற்கடுத்த மூடி என்று தெருத்தெருவாக மேலே ஏறிப் போவார்கள். சந்தேகம் வரும் இடத்தில் வீட்டுக்காரரிடம் கேட்டு, கழிப்பறையில் பச்சைச் சாயம் ஊற்றித் தண்ணீர் விடுவார்கள். உடம்புக்கோ மீனுக்கோ கெடுதல் இல்லாத சாயம். கழிவுநீர்க் குழாயில் பச்சை வந்தால் நல்லது. மழைநீர்க் குழாயில் வந்தால் அந்த வீட்டின் இணைப்பு தப்பு.

இவளும் பல நாள் அவர்களோடு போனாள். போகவேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வேலை அவளுக்குத் தோதாக இருந்தது. யாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மூடியை நெம்பித் தூக்கும்போது பேச்சுக்கு இடமில்லை. ஒரு துணி வெளுக்கும் ஆலை மாட்டியது. பஸ் கழுவும் பணிமனை ஒன்று மாட்டியது. நகரத்திலேயே பெரிய தங்கும் விடுதி, சமையலறைத் தண்ணீர் முழுவதையும் பல வருஷமாக மழைக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. விடுதி முதலாளி, "இத்தன வருஷம் சும்மா இருந்துட்டு இப்போ என்ன திடீர்னு?" என்று கத்தினார். "இப்போதான் பாத்தோம்" என்றாள் இவள். அவரால் அதற்குமேல் சண்டையை வளர்க்க முடியவில்லை. அசைந்து கொடுக்காத சுவரோடு எவ்வளவு நேரம் முட்டமுடியும்?

கோடையின் நடுவில், பாலத்தடிக் குழாய்க்கு வந்தார்கள். ஒரு சொட்டு மழை இல்லாத அந்த மாதத்திலும் அதில் நூல் பிடித்தாற்போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வடிகால் போகிற வழியில்தான் அவள் வீடும் இருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பூட்ஸ் மேடம் போன் செய்தாள். "மேடம், உங்க தெருமுனையில நிக்கறோம். மேல இருக்கற மூடியில தண்ணி இல்ல. கீழ இருக்கறதுல இருக்கு. நடுவுல ஏழெட்டு வீடு. நீங்க வீட்லதானே இருக்கீங்க? உங்க வீட்லருந்தே ஆரம்பிச்சா மத்தவங்க மறுப்பு சொல்ல மாட்டாங்க."

"வாங்க" என்றாள்.

சாயப் புட்டியை வாங்கித் தானே கழிப்பறையில் ஊற்றினாள். மாமியார் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "என்னத்த ஊத்தற? கறை படியுமா?" என்றார். "படியாது அத்த" என்று சொல்லித் தண்ணீரை இழுத்துவிட்டாள். வாசலில் ஒருவன் கழிவுநீர் மூடியைத் திறந்து குனிந்திருந்தான். பூட்ஸ் மேடம் சற்றுத் தள்ளி மழைநீர் மூடியருகே உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், இன்னொரு தடவ ஊத்தறீங்களா?" என்று பூட்ஸ் மேடம் குரல் கொடுத்தாள். அந்தக் குரலிலேயே விஷயம் இருந்தது.

இரண்டாம் முறையும் ஊற்றிவிட்டு அவள் வெளியே வந்தாள். கழிவுநீர் மூடிக்குக் கீழே பழுப்பாக, எப்போதும் போல. மழைநீர் மூடிக்குக் கீழே, இருட்டுக்குள், கண்ணைப் பறிக்கிற பச்சை. வெயில் பட்ட இடத்தில் அது மின்னியது. அவள் இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தாள். நகரத்தின் மழைநீர் வடிகால்களுக்குப் பொறுப்பான பொறியாளரின் வீட்டுக் கழிவு, அத்தனை வருஷமாக மழைநீர் வடிகாலில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"எழுதிக்கோங்க" என்றாள்.

"மேடம்..."

"வீட்டு நம்பர் தெரியுமில்ல? எழுதிக்கோங்க."

அது எப்படி நடந்தது என்பது அன்று மத்தியானம் உட்கார்ந்து யோசித்ததில் தெளிவாயிற்று. வீடு கட்டியபோது அந்தத் தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் வரவில்லை. கொத்தனார் தற்காலிகமாக மழைக் குழாயில் விட்டிருக்கிறார். சில வருஷம் கழித்துக் கழிவுநீர்க் குழாய் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆள் வைத்துத் தன் வீட்டை அதில் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது மகள் கைக்குழந்தை. இவளுக்கு நகரத்தின் மறுகோடியில் வேலை. "நம்ம வீட்டு இணைப்பு என்ன ஆச்சு?" என்று கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. "முடிஞ்சுது" என்றான் அவன். பொய் சொல்கிற ஆள் இல்லை. முடிக்கத்தான் போகிறோம் என்பதால் முடிந்தது என்று சொல்லியிருப்பான். அவனுடைய இலக்கணத்தில் எதிர்காலமும் இறந்தகாலமும் ஒன்றுதான். பிறகு அவனே அதை மறந்தும் இருப்பான்.

திங்கட்கிழமை தலைமைப் பொறியாளரிடம் சொன்னாள். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"டீமுக்குத் தெரியும். எங்க மாமியாருக்குத் தெரியும். இப்போ உங்களுக்கு."

"சத்தமில்லாம சரிபண்ணிடுங்க. பட்டியல்ல ஏத்தவேணாம். நான் அந்தப் பொண்ணுகிட்ட பேசறேன்."

"நாங்க அந்த விடுதிக்காரர் பேர ஏத்தியிருக்கோம் சார்."

"அவரும் நீங்களும் ஒண்ணா? உங்க வீட்டுக்காரர் பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீங்க? அதுவும் போன மனுஷன்..." அவர் பாதியில் நிறுத்திவிட்டு, "அசிங்கமாயிடும்மா" என்றார். அதுவரை அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

"ஆகட்டும் சார். எனக்கு ஒண்ணும் உறைக்கல."

அவள் சொன்னது உண்மை. மானம் போய்விடும் என்பது அவளுக்குப் புரிந்தது, வெளியூரில் வெயில் என்று செய்தியில் கேட்பது போல. பட்டியலில் வீடு ஏறியது. ஒரு வாரத்தில் செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்தது. தோற்றுப்போன நிறுவனங்களில் ஏதோ ஒன்று சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், "ஊருக்குத்தான் உபதேசம்னு நெனச்சேன், நீங்க உங்களுக்கும் நோட்டீஸ் விட்டுக்கிட்டீங்களே!" என்று வாசலில் நின்று சிரித்தார். அவர் கேலி செய்கிறாரா பாராட்டுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. மகள் போனில் அழுதாள். "அப்பாவப் போய் இப்படிப் பேப்பர்ல..." என்றாள். "அப்பா பேர் வரலடி. என் பேர்தான் வந்திருக்கு" என்றாள் இவள்.

 மாமியார் இரண்டு நாள் ஒதுங்கியே இருந்தார். மூன்றாம் நாள் காலையில், காப்பியைக் கொண்டுவந்து வைத்தவளிடம், "செத்தவன் மேல பழி போட்டுட்ட" என்றார். இவள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். கோபமாவது அழுகையாவது வந்திருக்கவேண்டும். வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாய்க்காரர் வந்து மதிலோரமாகத் தோண்டினார். வீட்டிலிருந்து வந்த பழைய குழாய் தெரிந்தது. அது வளைந்து மழைநீர்ப் பக்கம் போகும் இடத்துக்கு நேர் எதிரே இன்னொரு குழாய் முனையும் தெரிந்தது. கழிவுநீர் வாரியம் தெருவில் குழாய் போட்டபோதே ஒவ்வொரு வீட்டுக்கும் மதில் வரை ஒரு கிளை நீட்டிவிட்டுப் போயிருக்கிறது. இவர்கள் வீட்டுக் கிளையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பை இற்றுப்போயிருந்தது. கம்பி துருவாகி நின்றது.

குழாய்க்காரர் தன் முன்கையை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார். "அட, ஒரு முழம்தான்மா. அரை நாள் வேலை. அப்பவே சேத்திருக்கலாம்" என்றார். பிறகு, வளைவுத் துண்டு வாங்கிவர வேண்டும், அப்படியே ஒரு தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

அவள் மண்குவியலின் மேல் உட்கார்ந்தாள். அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முழம். அரை நாள். அவள் வாயிலிருந்து சத்தம் வந்தது. வந்தபிறகுதான் தன்னுடையது என்று தெரிந்தது.

"ஒரு முழம்தானேடா!"

கல்யாணமான நாளிலிருந்து அவனை ஒருமுறைகூட அவள் "டா" போட்டதில்லை.

"ஒரு முழம்! அரை நாள்! என்னடா அப்புறம்? எத்தனை அப்புறம்? ஆஸ்பத்திரி நம்ம கடைக்கு எதிர்வரிசையில. ரோட்ட தாண்டினா ஆஸ்பத்திரி. ரோட்ட தாண்ட முடியலயா ஒனக்கு? நாற்காலியில போய் உக்காந்தியே, அங்க போய் உக்காந்திருக்கக் கூடாது? எழுத்து படிச்சுப் பாத்தியா? தெரிஞ்சுதா? சோம்பேறி. சிரிச்சுச் சிரிச்சே ஏமாத்தின சோம்பேறி."

குழிக்குள் இரண்டு குழாய்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஒரு மண்கட்டியை எடுத்து வீசினாள். குழாயில் பட்டு உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்தாள்.

மாமியார் பின்னால் வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. அவள் கையைக் கீழே இறக்கினாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் மாமியார்.

"அத்த..."

"திட்டு. நல்லாத் திட்டு. பெத்தவ, எனக்கும் பாக்கி இருக்கு." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தார். குழியைப் பார்த்தார். "என் கண்ணுல புரை விழுந்திருக்குன்னு அவன்தான் கண்டுபிடிச்சான். ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னான். கண்ணாடிக் கடைக்காரன் அம்மா, பாதி பார்வையில திரியறேன். எவன்கிட்ட சொல்ல?" குழியை நோக்கிக் குரலை உயர்த்தினார். "டேய்! எங்கடா ஆபரேஷன்?"

இரண்டு பேரும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். கொசுவலை, மொட்டைமாடிக் கைப்பிடி, மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்க்காதது, எல்லாம் வந்தது. எதிர்வீட்டு ஆசிரியர் ஜன்னலைத் திறந்து, பார்த்து, நாகரிகமாக மூடிக்கொண்டார். குழாய்க்காரர் திரும்பி வந்தபோது மருமகளும் மாமியாரும் மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் வாய் வறண்டு உட்கார்ந்திருந்தார்கள். "என்னம்மா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல. சேத்துடுங்க" என்றாள் அவள்.

அழுகை அப்போதும் வரவில்லை. வந்திருந்தால் கதை சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவர் குழாயைச் சேர்த்து, மண்ணைத் தள்ளி, தரையைத் தட்டிச் சமன்செய்து முடிக்கும்போதே அவளுக்குள் மரப்பு பழையபடி இறங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் இப்போது அது இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் அது எப்போது வந்தது என்றே தெரியாமல் இருந்தது. அடுத்த வாரம் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கட்டு அவிழ்த்ததும் மாமியார் முதலில் அவளைத்தான் பார்த்தார். "இவ்ளோ நரைச்சிருக்கியா நீ?" என்றார்.

கெடுவுக்குள் நகரத்தின் எல்லா வேலையும் முடிந்துவிடவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே முடிந்திருந்தது. மாசுக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பட்டியலைப் புரட்டிவிட்டு, "இந்த வீடு உங்களுதா?" என்றார். "ஆமா" என்றாள். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கெடு நீட்டிக்கப்பட்டது. பூட்ஸ் மேடத்தின் ஒப்பந்தமும் நீண்டது. தலைமைப் பொறியாளர் ஓய்வுபெற்றார். வழியனுப்பு விழாவில் அன்னப் பறவைக் கதையைத் தன்னுடைய நகைச்சுவையாகவே சொல்லிக் கைதட்டு வாங்கினார். அந்த நாற்காலி இவளுக்கு வரும் என்று பேசிக்கொண்டார்கள். வரவில்லை. வேறு துறையிலிருந்து ஒருவர் வந்தார்.

மழைக்காலம் தொடங்கிய நாளில், முதல் மழையின் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. வானம் கறுத்ததும் பூட்ஸ் மேடமும் அவளும் பாலத்தடிக்கு ஓடினார்கள். வெகுநாளாகக் காய்ந்து கிடந்த குழாய் வாய் முதலில் உறுமியது. பிறகு சருகும் மண்ணும் ஒற்றைச் செருப்பும் தள்ளிக்கொண்டு, பழுப்பாகத் தண்ணீர் பாய்ந்து வந்தது. அழகாக இல்லை. ஆனால் மழைத் தண்ணீர்.

அவள் குனிந்து புட்டியை நீட்டிப் பிடித்தாள். குடை ஒரு காற்றில் திரும்பிக்கொண்டது. தலை, முதுகு, கை எல்லாம் நனைந்தது.

"எப்படி இருக்கீங்க மேடம்?" என்று பூட்ஸ் மேடம் மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள். இத்தனை மாதத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இவள் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள்.

"குளிருது" என்றாள். "வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

"புட்டி நிரம்பிடுச்சு பாருங்க."

நிரம்பித்தான் இருந்தது. மூடியைப் போட்டு இறுக்கினாள். சீட்டு ஒட்டப் பார்த்தபோது ஈரத்தில் அது ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் பாலத்துக்கு அடியில் ஒதுங்கி, புடவைத் தலைப்பால் புட்டியைத் துடைத்து, மறுபடி ஒட்டினார்கள். ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். மழை விடுவதாக இல்லை. அடுத்த குழாய் வாய் கொஞ்ச தூரத்தில் இருந்தது. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தார்கள்.